ஒரு விநாடி தாமதமானாலும் இடம் இல்லை... ஹாஃப் மாரத்தான் ஓடி நியூயார்க் மாரத்தானுக்குத் தகுதி பெறுவது எப்படி?

1:21:00 என்றால் உள்ளே. 1:21:01 என்றால் வெளியே. 21 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டு, ஒரே ஒரு விநாடியில் வாய்ப்பை இழப்பவர்களும் உண்டு.

நியூயார்க் மாரத்தான் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் ஞாயிறன்று நடக்கும். 1970-ல் சென்ட்ரல் பார்க்குக்குள் நடந்த முதல் போட்டியில் கலந்துகொண்டது 127 பேர். ஓடி முடித்தது 55 பேர். இன்று 50 ஆயிரம் பேருக்கு மேல் ஓடுகிறார்கள். 2025 போட்டிக்கான குலுக்கலில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்தார்கள். இடம் கிடைத்தது நூற்றுக்கு 2, 3 பேருக்குத்தான்.

குலுக்கலை நம்பாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. தொண்டு அமைப்புக்காகச் சில ஆயிரம் டாலர் திரட்டித் தரலாம். நியூயார்க்கில் வசிப்பவர் என்றால், ஓர் ஆண்டில் 9 போட்டிகள் ஓடி, ஒரு போட்டியில் தன்னார்வலராக வேலை பார்த்து, அடுத்த ஆண்டுக்கான இடத்தைச் சம்பாதிக்கலாம். இதெல்லாம் முடியாது, ஆனா கால் வேகமாக ஓடும் என்பவர்களுக்கு இருப்பதுதான் 'டைம் குவாலிஃபையர்'.

எவ்வளவு வேகம் வேண்டும்?

2023 போட்டிக்கான அட்டவணைப்படி, 18 முதல் 34 வயது வரையுள்ள ஆண்கள் முழு மாரத்தானை 2:53-க்குள் அல்லது ஹாஃப் மாரத்தானை 1:21-க்குள் முடித்திருக்க வேண்டும். அதே வயதுப் பெண்களுக்கு 3:13 அல்லது 1:32. வயது கூடக்கூட நேரமும் கொஞ்சம் தளரும்.

பாஸ்டன் மாரத்தானில் ஹாஃப் நேரமெல்லாம் செல்லாது, முழு மாரத்தான் ஓடியே ஆகணும். அதனால் நியூயார்க் தந்த இந்தச் சலுகை பலருக்கும் இனித்தது. முழு மாரத்தானில் ஒரு நாள் சொதப்பினால் உடம்பு தேறி, பயிற்சி செய்து மறுபடி முயற்சி செய்ய மாதக்கணக்காகும். ஹாஃப்பில் அப்படியில்லை, சில வாரங்களிலேயே அடுத்ததை ஓடலாம்.

அப்படின்னா ஹாஃப் சுலபமான வழியா? கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-ல் வெளியிட்ட சூத்திரம் இதைச் சுமார் 2.085 மடங்கு என்கிறது. 1:21-ஐ அதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 2:49 வருகிறது. அதாவது, 2:49-ல் மாரத்தான் ஓடும் அளவுக்குத் திறன் இருப்பவருக்குத்தான் ஹாஃப் கதவு திறக்கும். முழு மாரத்தான் கதவுக்கோ 2:53 போதும்!

வாட்ச் சொல்வதை நம்பலாமா?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 1:21-க்குள் முடிக்க ஒரு கிலோமீட்டரை 3 நிமிடம் 50 விநாடியில் கடக்க வேண்டும். வாட்ச்சில் 3:50 எனக் காட்டுகிறது, நிம்மதியாக ஓடுகிறார். ஆனா முடிவுக் கோட்டுக்கு வரும்போது வாட்ச் 21.1-க்குப் பதில் 21.4 கி.மீ. எனக் காட்டும். அந்த 300 மீட்டருக்கு இன்னும் 69 விநாடி. முடித்த நேரம் 1:22-ஐத் தாண்டியிருக்கும்.

தப்பு எங்கே? கொஞ்சம் ஜிபிஎஸ்-ல், கொஞ்சம் ஓடுபவரிடம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும். அதோடு, கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடினாலும், திருப்பங்களில் வெளிப்பக்கமாகப் போனாலும் தூரம் கூடும். போட்டிப் பாதையை அளப்பவர்கள் சைக்கிள் சக்கரத்தில் கவுண்டர் மாட்டி, திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில்தான் அளக்கிறார்கள். பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். ஹாஃப்புக்கு அது 21 மீட்டர். 3:50 வேகத்தில் 5 விநாடி!

இவ்வளவு கறார் எதற்கு? 1981-ல் இதே நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலாசார் 2:08:13-ல் ஓடி உலக சாதனை என்று கொண்டாடப்பட்டார். பிறகு பாதையை மறுபடி அளந்தபோது சுமார் 150 மீட்டர் குறைவு எனத் தெரிந்தது. சாதனை போயிற்று. ஓடியவர் மீது ஒரு தப்பும் இல்லை, பாவம். (மாரத்தான் பாதைகளை ஒழுங்காக அளக்க வேண்டும் என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஒருவர், மேலே சொன்ன அதே ரீகல்.)

அதனால் அனுபவசாலிகள் வாட்ச் காட்டும் வேகத்தைப் பார்ப்பதில்லை. சாலையோர மைல் பலகையைத் தாண்டும்போது தாங்களே பட்டனை அழுத்தி, பலகைக்குப் பலகை கணக்கு வைக்கிறார்கள். 1:21-க்கு அது மைலுக்கு 6 நிமிடம் 10 விநாடி.

எங்கே ஓடுவது?

எந்த ஹாஃப்பில் ஓடுகிறோம் என்பதும் முக்கியம். மாரத்தானை நடத்தும் நியூயார்க் ரோட் ரன்னர்ஸ் அமைப்பின் சொந்தப் போட்டியில் நேரத்தை எட்டினால் இடம் உறுதி. வெளியே ஓடியவர்களுக்குக் குறைவான இடங்களே ஒதுக்கப்பட்டன. விதிகள் அடிக்கடி மாறுவதால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுவது நல்லது.

அந்த அமைப்பின் போட்டிகளில் வேகப் பிரியர்களின் கண் மே மாதம் நடக்கும் புரூக்ளின் ஹாஃப் மீதுதான். 20 ஆயிரம் பேருக்கு மேல் ஓடும் போட்டி. முதல் பாதி ஏற்ற இறக்கம், புராஸ்பெக்ட் பார்க் மேடு காலைப் பதம் பார்த்துவிடும். பூங்காவை விட்டு வெளியே வந்தால் ஓஷன் பார்க்வே. கோனி தீவு வரை ஒரே நேர்ச்சாலை, பெரும்பாலும் சமதளம். குறுக்கே வரும் அவென்யூக்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். ஒவ்வோர் எழுத்தாக எண்ணிக்கொண்டே ஓடலாம், ஆனா 'இசட்' வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேட்டிலேயே வேகத்தைக் காட்டி மூச்சு வாங்கியவர்கள் பின்தங்குவது இந்த நேர்ச்சாலையில்தான். முடிவுக் கோடு கடற்கரை மரப்பாதையில்.

ஒரே ஆறுதல், துப்பாக்கி வெடித்த நேரம் கணக்கில்லை. தொடக்கக் கோட்டை நீங்கள் தாண்டியதிலிருந்து சிப் பதிவு செய்யும் நேரம்தான் தகுதிக்கு எடுத்துக்கொள்ளப்படும். பின்வரிசையில் நின்றாலும் நஷ்டமில்லை, முன்னால் இருப்பவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடாதவரை.

1:20:58 வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இடம் தானாக வீடு தேடி வராது. பதிவு திறந்திருக்கும் நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நுழைவுக் கட்டணமும் முழுசாகக் கட்ட வேண்டும்.