உங்களுக்குத் தெரியுமா? மாற்றுச் சிறுநீரகமும் உறங்கும் வைரஸும்

போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிப்பவர் ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றால், அதனை அந்நிய வஸ்துவென்று தாக்க வரும் டி அணுக்களைச் சாந்தப்படுத்தும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தை, நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கொண்டே ஆகவேண்டும்.

அவ்வணுக்கள் அடங்கியிருக்கும் சமயம் பார்த்து, பலருடைய சரீரத்திலும் பால்யம் முதலே உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்தெழுமானால், அதை எதிர்க்கும் சிடி-8 என்னும் வகை டி அணுக்கள் பல்கிப் பெருகி, அவற்றுள் ஒரு பகுதி சிடி-28 என்னும் மேற்புறப் புரதத்தை இழந்து, மூப்படைந்த ஞாபக அணுக்களாய் வருஷக்கணக்கில் இரத்தத்தில் நிலைத்துவிடுகின்றன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்த அதே 1971-இல், லண்டனில் அத்தகைய நோயாளி ஒருவரின் சிறுநீரில் கண்டறியப்பட்ட பி.கே. என்னும் மற்றோர் உறங்கும் வைரஸுக்கு, மருந்தின் அளவைக் குறைத்து டி அணுக்களுக்குச் சற்றே சுதந்திரம் அளிப்பதுதான் இன்றும் பிரதான சிகிச்சை.