முற்றமே முதற் பள்ளி

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் திங்களாக நோக்கி, அந்நோக்கினையே ஓர் இலக்கிய வகைக்கு அடிப்படையாக அமைத்துக்கொண்டது தமிழ். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தையே ஈண்டுக் குறித்தேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் பத்துப் பருவங்களையும் இலக்கியம் பயிலும் மாணவர் மனனஞ் செய்வர், விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுவர், அவ்வளவில் அமைந்துவிடுவர். இப்பத்தும் நின்ற முறையில் ஓர் உண்மை பொதிந்து கிடப்பதை எண்ணிப்பார்ப்பவர் சிலரே. கோடை நாளில் தளர்நடைக் குழந்தையை வைத்துக்கொண்டு என்செய்வது எனத் திகைக்கும் இக்காலப் பெற்றார்க்கு அவ்வுண்மை பெரிதும் பயன்படும் ஆதலின், அதனைச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தேன்.

பத்தின் வைப்புமுறை

பருவங்களுக்குரிய காலத்தைக் கணிப்பதிற் பாட்டியல் நூலார் தம்முள் வேறுபடுவர். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களிற் பாடுக என்பது ஒரு கொள்கை. அக்கணக்கின்படி 3 இற் காப்பு, 5 இற் செங்கீரை, 7 இல் தால், 9 இற் சப்பாணி, 11 இல் முத்தம், 13 இல் வருகை என முதல் ஆறு பருவங்களும் செல்லும். இவை தொட்டிலிலும் தாய் மடியிலும் வீட்டுத் தரையிலும் நிகழ்வன. தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. தாலாட்டுக் கேட்பது தால். இருந்தபடியே கைகொட்டுவது சப்பாணி. எழுந்து அடியெடுத்து வைத்து வருவது வருகை.

இனி, எஞ்சிய நான்கினையும் நோக்குக. 15 இல் அம்புலி. அது முற்றத்திலே நின்று நிலவை விளையாட அழைப்பது. 17 இற் சிற்றில்; அது மணலில் வீடு கட்டுவதும் கட்டியதைச் சிதைப்பதும். 19 இற் சிறுபறை. 21 இற் சிறுதேர். பறைமுழக்குதற்கும் தேருருட்டுதற்கும் தெருவே இடம். நடை வந்தபின் அமைந்த இந்நான்கனுள் ஒன்றேனும் கூரையின்கீழ் அடங்கியதன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைப்பருவங்களாக வரும் நீராடலும் ஊசலும் வெளியிடத்துக்கே உரியன. நடக்கக் கற்ற குழந்தையை வீட்டுக்கு வெளியே கொண்டுவருக என்று எந்தப் பாட்டியலும் விதி கூறவில்லை. ஆயினும் பருவங்களின் அடைவே அவ்விதியைச் சொல்லாமற் சொல்லி நிற்கின்றது.

சான்றோர் கண்ட சிறுதேர்

பிள்ளைத்தமிழ் தனிப் பிரபந்தமாவதற்குப் பன்னூறாண்டு முன்னரே சங்கச் சான்றோர் இவ்விளையாட்டைக் கண்டு பாடியுள்ளனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தாம் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை ஆகிய இரண்டிலும் சிறுவரின் தேரை மறவாது வைத்தார். பட்டினப்பாலையில் அது காவிரிப்பூம்பட்டினத்து மனைமுன்றிலில் உருளும் மூன்று காலுடைய தேர். நெல்லைக் கவரவந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை அதன் வழியை மறிக்குமாம். செல்வச் சிறப்பைக் காட்ட வந்த காட்சி அது. ஆனால், குழந்தையை வளர்ப்பவர்க்குப் பெரும்பாணாற்றுப்படைக் காட்சியே மிக்க பயனுடையது. ஆங்கே உழவர் ஊரிலே, தச்சர் சிறாரும் விரும்பும்படி செய்யப்பெற்ற, ஏறிச் செல்லுதற்கல்லாத சிறுதேரைப் புதல்வர் உருட்டித் திரிகின்றனர். தளர்நடையால் வந்த வருத்தந் தீரச் செவிலியிடம் பாலுண்டு, பின் படுக்கையிலே துயில்கின்றனர்.

ஆட்டம், களைப்பு, உணவு, உறக்கம் என்னும் நான்கும் இங்கே முறை பிறழாது நிற்றல் காண்க. பகலெல்லாம் அறைக்குள் இருந்த குழந்தை இரவில் உறங்க மறுக்கின்றது, உணவைத் துப்புகின்றது என்று வருந்தும் தாய்மார் பலர். அவர்களுக்கு வேண்டிய விடை இப்பழம்பாட்டிலேயே இருக்கின்றது.

குறுந்தொகை 61 ஆம் செய்யுளில் வரும் தோழி, தச்சன் செய்த சிறுதேரில் ஏறி இன்புறாவிடினும் அதனைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரை உவமையாக்குகின்றாள். விளையாட்டுப் பொருளின் உயர்வு அதன் விலையிலன்று, இழுக்கும் கையிலே உள்ளது என்பது இவ்வுவமையாற் பெறப்படும். வடமொழியிற் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகமும் இக்கருத்தினையே வேறொரு வகையாற் காட்டும். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை மண்ணியற் சிறுதேர் எனத் தமிழாக்கினார். அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்ட சாருதத்தனின் மகன், தனக்குக் கிடைத்த மண்தேர் வேண்டாம் என்று அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் நிறைக்கின்றாள். பொன்னுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைக்குக் கற்பிப்பவர் நாமே. அவ்வேற்றுமையை அறியாதிருக்கும் பருவத்தில் அதற்கு மண்ணே பொன்.

நான்கு விளையாட்டும் நம் முற்றமும்

யாழ்ப்பாணத்துக் கோடை இந்நான்கு விளையாட்டுக்கும் வேண்டிய எல்லாவற்றையும் விலையின்றித் தருகின்றது. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும், மழை அரிது, மணல் உலர்ந்து கிடக்கும். முற்றமுடையார் முற்றத்திலும், அஃதில்லார் கோயில் வீதியிலும் கடற்கரையிலும் இவற்றை நிகழ்த்தலாம்.

சிற்றிலுக்குச் சிறிது நீர் தெளித்த மணலும் இரண்டு சிரட்டையும் ஓர் அகப்பையும் போதும். சிரட்டையில் மணலை நிறைத்துக் கவிழ்த்தால் அது சோறாகும். பூவரசம் இலை தட்டாகும். ஈண்டு ஒன்று அறியத்தக்கது. நாம் கட்டிக்கொடுத்த மணல்வீட்டை ஒன்றரை வயதுக் குழந்தை உடனே உதைத்துக் கலைத்துவிடும். அதனைக் குறும்பென்று கடிதல் தகாது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றிற் பருவமென்பது, எம் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் ஆண்மகவை இரக்கும் பருவமாகவே அமைந்திருக்கின்றது. ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இவ்வேண்டுகோளுக்கே தந்தார். கட்டுதலுக்கு முன்னே கலைத்தலைக் குழந்தை பயில்கின்றது. தன் செயலால் உலகில் ஒன்று மாறும் என்பதை அதனால் அறிகின்றது. எனவே, கலைத்த வீட்டை மீண்டும் கட்டிக்கொடுப்பதே பெரியோர் கடன்.

சிறுபறைக்குப் பழைய தகரப்பேணி ஒன்றும் கைக்கடக்கமான தடி ஒன்றும் வேண்டும். பேணியின் விளிம்பு கையைக் கிழிக்காதிருத்தலைப் பார்த்துக்கொள்க. வீட்டினுள்ளே காதைத் துளைக்கும் அவ்வோசை வேலியடியிற் கேட்கும்போது இனிதாயிருக்கும். ஒருவர் இரண்டு முறை தட்டக் குழந்தை இரண்டு முறை தட்டுமாயின் தாளமும் எண்ணும் ஒருங்கே தொடங்கிவிட்டன என்க.

சிறுதேர் இந்நாட்டில் இரண்டு வகையாகக் கிடைக்கும். நுங்கெடுத்தபின் எஞ்சும் கோம்பை இரண்டைத் தடியிற் கோத்து உருட்டுவது ஒன்று. உதிர்ந்த தென்னங்குரும்பட்டிகளை ஈர்க்கிற் குத்தி இணைத்துக் கட்டுவது மற்றொன்று. குரும்பட்டித் தேர் என்பது அதுவே. கூரிய ஈர்க்கைக் கையாளும் வேலை பெரியோருடையது. கயிறு கட்டி இழுப்பதே குழந்தைக்குரியது. முன்னே நடந்துகொண்டு பின்னே வரும் தேரைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை, விழாது நிற்கும் வித்தையை அப்போது கற்கின்றது.

அம்புலிக்கு வேண்டுவது வானம் மட்டுமே. வெயில் தணிந்து, விளக்கேற்றும் வேளை கழிந்தபின், குழந்தையை முற்றத்திற் கொண்டுவந்து நிலவைக் காட்டுக. தொலைவிலுள்ள ஒன்றைச் சுட்டுவிரலாற் காட்டிப் பிறரையும் பார்க்கச் செய்தல், பேச்சுக்கு முற்பட்ட பேச்சு. இவற்றோடு ஆழமில்லாத பாத்திரத்து நீரை அள்ளிச் செடிக்கு வார்ப்பதும், தாழக் கட்டிய ஊஞ்சலில் மடியிருத்தி மெல்ல ஆட்டுவதும் நீராடலையும் ஊசலையும் நிரப்பும்.

பொருளும் சொல்லும்

தமிழ் கற்பிப்போர் இதிற் கவலைகொள்ளுதற்குத் தனிக்காரணம் உண்டு. குழந்தை சொற்களை விரைந்து சேர்க்கும் காலம் இரண்டாம் ஆண்டே. அப்போது கையும் கண்ணும் தொட்ட பொருளோடு சொல் ஒட்டிக்கொள்கின்றது. இளங்காயை எல்லா மரத்துக்கும் ஒரே பெயராற் கூறும் வறுமை நம் மொழிக்கு இல்லை. மாவின் இளங்காய் வடு; பலாவினது மூசு; வாழையினது கச்சல்; தென்னை பனைகளினது குரும்பை. கோடைக்காற்றில் முற்றத்தில் உதிர்ந்த வடுவையும் குரும்பையையும் பொறுக்கிக் கடகத்தில் இடும் குழந்தை, நிகண்டு ஓதாமலே இவற்றுள் இரண்டைப் பெற்றுவிடுகின்றது. அதனைப் பெறாத பிள்ளை பின்னர் மரபுச்சொல் என்னும் தலைப்பின்கீழ் அவற்றைப் பட்டியலாக நெட்டுருப் பண்ணுகின்றது. முன்னது வாழும் தமிழ். பின்னது விடைத்தாள் தமிழ்.

மேலைநாட்டு அறிஞரும் இவ்வுண்மையைக் கண்டனர். ஜேர்மனியில் 1837 இற் குழந்தைகளுக்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கிய புரோபல், 1840 இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்னும் பொருள்படக் கிண்டர்கார்ட்டன் எனப் பெயர் சூட்டினார். பெயரளவிலன்றிச் செடி வளர்க்கும் தோட்டமும் அவர் முறையில் இடம்பெற்றது. அப்பெயரை இன்று தாங்கும் பள்ளிகளிற் பலவற்றில் தோட்டத்தைக் காணோம்.

வெயிலும் காவலும்

வெளியே விடுக என்பதனால் வெயிலில் விடுக என்பது கருத்தன்று. ஞாயிறு யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேராக வருவது ஆண்டில் இருமுறை: ஏப்பிரல் நடுவிற் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஒருமுறை, ஆகத்து இறுதியில் ஒருமுறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் கடியது. பெரியோரினும் விரைவிற் குழந்தையின் உடல் சூடேறும், நீரும் வற்றும். ஆகவே, காலை எட்டரை மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னுமே விளையாட்டுக்கு ஏற்ற வேளை. மணலிற் குழந்தையை இறக்குமுன் நம் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தல் வேண்டும். தளர்ந்த பருத்தியாடையும் தலைக்கு ஒரு தொப்பியும் போதும். தாகம் என்று சொல்லத் தெரியாத வயது; ஆதலின் கேளாமலே இடையிடையே நீர் கொடுக்க வேண்டும். முகம் சிவந்து சோர்ந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே நிழலுக்குக் கொண்டுசெல்க. சோர்வு தெளியாவிடின் வைத்தியரை நாடுதலிற் சுணங்கலாகாது.

நீரை நினைந்து அஞ்சுதல் வேண்டும். கட்டில்லாத கிணற்றை மட்டும் காத்தாற் போதாது; வாளியில் நிற்கும் சாணளவு நீரே தவழும் குழந்தைக்கும் தளர்நடைக் குழந்தைக்கும் உயிர்க்கொல்லியாகும். விளையாட்டு முடிந்தவுடன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுக, நுளம்பும் பெருகாது. எதனையும் வாயிலிடும் பருவமாதலின், அழகிற் சிறந்த குன்றிமணியும் வேலியோரத்து அலரி விதையும் நஞ்சு என்பதை மறவற்க. புளியங்கொட்டை போன்ற சிறு வித்துக்கள் மூச்சுக்குழலை அடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலான காவல் அருகிலிருக்கும் பெரியவரின் கண். அக்கண் கையடக்கத் தொலைபேசியில் இருக்குமாயின் காவல் இல்லை என்றே கொள்க.

இன்று வேண்டுவது

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு வெளியிட்ட நெறிமுறை, ஒரு வயதும் இரண்டு வயதுமான குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலசைவுடன் இருத்தல் வேண்டும் என்கின்றது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு வயதில் ஒரு மணிக்கு மேற்படலாகாது. குறையின் மிக நன்று என்பதும் அதன் முடிபு. மேலும், வெளியொளியில் மிகுந்த நேரம் செலவிடும் பள்ளிச் சிறாரிடையே குறும்பார்வை தொடங்குதல் குறைகின்றது என்பது ஆய்வுகளாற் பெறப்பட்டது. மூன்று மணி நேர அசைவை ஓர் அறைக்குள் எவ்வாறு நிரப்புவது? முற்றத்தில் அது தானே நிரம்பும்.

நம் வீடுகளில் முற்றம் சுருங்கி வருகின்றது. மணல் கிடந்த இடத்தைச் சீமெந்து மூடுகின்றது. அழுத குழந்தையின் கையில் ஒளிரும் பெட்டியொன்றை வைத்தால் வீடு அமைதியாகின்றது. தாயும் தந்தையும் தொழிலுக்குச் செல்லும் இல்லங்களில் அவ்வமைதி எத்துணை வேண்டப்படுவது என்பதை யான் அறியாதவனல்லேன். அவர்களைக் குறைகூறுதல் எளிது, கைகொடுத்தலே கடன். பேரரைத் தோளிற் சுமக்கும் பாட்டன் பாட்டிமார் மாலையில் அரைமணி நேரம் முற்றத்திற் பாய் விரித்து அமரலாம். முன்பள்ளி நடத்துவோர் சீமெந்திடாத ஒரு மூலையில் இரண்டு வண்டில் மணலைக் கொட்டி, பூனையும் நாயும் அண்டாதபடி இரவில் மூடிவைக்கலாம். சனசமூக நிலையங்கள் தம் வளவில் ஒரு மரநிழலைச் சின்னஞ் சிறாருக்கென்று ஒதுக்கலாம். பிள்ளைத்தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், சிற்றிற் பருவம் நடத்தும் நாளில் மாணவரை வெளியே அழைத்துச் சென்று மணலில் ஒரு சிற்றில் கட்டுவிக்கலாம். அம்மாணவரே நாளைய பெற்றார். சிற்றில் என்பது யாது என்று வினாவும் தலைமுறை தோன்றுமுன், இக்கோடையிலேயே இதனைத் தொடங்குதல் நன்று.