இடம் அறிந்து காட்டும் தொழில்நுட்பம்

போயிங் 747-400 விமானம் ஒன்றுக்குள் ஓடும் மின்கம்பிகளை நீட்டி வைத்தால் சுமார் 274 கிலோமீட்டர் வரும். அத்தனையையும் விமானத்துக்குள் நின்று ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட முடியாது. தொழிற்சாலையில் பெரிய பலகைகளின் மேல் வைத்து, கட்டுக் கட்டாக முன்கூட்டியே தயார்செய்து, பிறகுதான் விமானத்தில் பொருத்துவார்கள். எந்தக் கம்பி எந்த முளையைச் சுற்றிப் போக வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்பதெல்லாம் அந்தந்தப் பலகைக்கான வரைபடத்திலும் தாள்களிலும் இருக்கும். கம்பி அமைப்பு மாறினால் பலகையையும் மாற்ற வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் போயிங்கில் பணியாற்றிய டாம் காடெல், டேவிட் மிசெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மாற்று வழி சொன்னார்கள். தொழிலாளியின் முன்னால் வெறும் பலகை இருந்தால் போதும். தலையில் மாட்டிய கருவி வழியாக அவர் அதைப் பார்க்கும்போது, கம்பி போக வேண்டிய பாதை அந்தப் பலகையின் மேலேயே கோடாகத் தெரிய வேண்டும். இதை விளக்கி 1992இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பயன்படுத்திய பெயர் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’. இன்று சுருக்கமாக ஏ.ஆர். என்றும், தமிழில் மிகை மெய்ம்மை என்றும் வழங்குகிறது.

தலையில் மாட்டும் கருவி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் 1968இலேயே அப்படி ஒன்றைச் செய்து காட்டினார். கூரையிலிருந்து தொங்கும் தண்டோடு அதை இணைத்திருந்தார். அதன் வழியாகப் பார்த்தவர்களுக்கு, அறைக்குள் வெறும் கோடுகளாலான உருவங்கள் மிதப்பதுபோலத் தெரிந்தன.

மெய்நிகர் உலகம் எனப்படும் வி.ஆர். கருவி, கண்ணை முழுவதும் மூடிவிட்டு வேறொரு உலகத்தைக் காட்டும். ஏ.ஆர். நம் எதிரில் இருப்பதை மறைப்பதில்லை. அதன்மேல் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கிறது. 1997இல் ரொனால்டு அசுமா என்ற ஆய்வாளர் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். உண்மைக் காட்சியும் கணினி உருவமும் கலந்திருக்க வேண்டும். பார்ப்பவரின் அசைவுக்கு ஏற்ப அது அந்தக் கணமே மாற வேண்டும். முப்பரிமாண வெளியில் அதற்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் கடினமானது. ஏ.ஆரின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் செல்போனை எடுத்துக்கொள்வோம். வாங்கப்போகும் நாற்காலி வீட்டுக் கூடத்தில் எப்படி இருக்கும் என்று காட்டும் செயலியைத் திறந்தால், ‘போனை மெதுவாக அசையுங்கள்’ என்று முதலில் கேட்கும். அந்தச் சில நொடிகளில் கேமரா தரையை ஆராய்கிறது. மொசைக் கற்களின் புள்ளிகள், டைல்ஸ் சேரும் மூலைகள், பாயின் விளிம்பு என எளிதில் அடையாளம் காணக்கூடிய நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. போன் நகரும்போது அருகிலுள்ள புள்ளிகள் அதிகமாகவும் தொலைவில் உள்ளவை குறைவாகவும் இடம் மாறும். இந்த வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது.

அதே நேரத்தில் போனுக்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழல் உணரியும் கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். இருட்டில் அடி எண்ணி நடப்பவர் போகப் போக வழி தவறுவதுபோல, இந்த உணரிகளை மட்டும் நம்பினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும். கேமரா குறித்த புள்ளிகள் அந்தப் பிழையை உடனுக்குடன் திருத்துகின்றன. இரண்டும் கைகோத்தால்தான் நாற்காலி வைத்த இடத்திலேயே நிற்கும். நாம் அதைச் சுற்றி வந்து முதுகுப் பக்கத்தையும் பார்க்கலாம். விளக்கு மங்கினாலும், பளபளக்கும் தரையானாலும், ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளைச் சுவரானாலும் போன் தடுமாறும். பிடித்துக்கொள்ள அதற்கு அங்கே புள்ளி கிடைப்பதில்லை. ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் 2017இல் இந்தக் கணக்கீட்டைச் செய்யும் மென்பொருள்களைச் செயலி எழுதுவோருக்குக் கொடுத்த பிறகுதான் இப்படி இடத்தில் நிலைத்து நிற்கும் ஏ.ஆர். சாதாரண போன்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது.

ஏ.ஆர். என்ற பெயரே தெரியாமல் அதைப் பார்த்து ரசித்தவர்கள் அதற்கு முன்பே கோடிக்கணக்கில் இருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணி அடுத்து எட்ட வேண்டிய எல்லையை, 1998 முதல் தொலைக்காட்சியில் மஞ்சள் கோடாகக் காட்டுகிறார்கள். மைதானத்தில் அப்படி எந்தக் கோடும் கிடையாது. ஒவ்வொரு கேமராவும் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, எவ்வளவு அருகில் காட்டுகிறது என்பதைக் கணினி கணக்கிட்டு அந்தக் கோட்டை வரைகிறது. தண்ணீர் வடிய மைதானத்தின் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும். அந்த வளைவும் கணக்கில் உண்டு. புல்லின் நிறம் உள்ள இடத்தில் மட்டும் மஞ்சள் ஏறும். வீரர் குறுக்கே வந்தால் கோடு அவர் காலுக்குப் பின்னால் மறையும். வண்ணம் பூசிய கோடு என்றே கண் நம்பிவிடும்.

2016 ஜூலையில் வெளியான போக்கிமான் கோ விளையாட்டுதான் ஏ.ஆரை உலகெங்கும் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் தொடக்கத்தில் அதன் கற்பனை விலங்குகள் கேமராக் காட்சியின் மேல் மிதந்தனவே தவிர, தரையில் கால் பதிக்கவில்லை. அந்த வசதி 2017 டிசம்பரில்தான் ஐபோன்களுக்கு வந்தது.

விளையாட்டில் நாலு அங்குலம் தள்ளி நின்றாலும் நஷ்டமில்லை. அறுவைசிகிச்சையில் ஒரு மில்லிமீட்டரும் முக்கியம். முதுகெலும்பில் திருகாணி பொருத்தும்போது, தண்டுவடத்துக்கு மிக அருகில் மருத்துவர் வேலைசெய்ய வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2020 ஜூனில் ஏ.ஆர். கருவியைத் தலையில் அணிந்து ஒரு நோயாளியின் முதுகெலும்பில் ஆறு திருகாணிகளைப் பொருத்தினார்கள். ஸ்கேன் படம் தனித் திரையில் இருந்தால், மருத்துவர் நோயாளியையும் திரையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இங்கே உள்ளே இருக்கும் எலும்பின் உருவம், அது உண்மையில் இருக்கும் இடத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு கருவி இதைவிட எளியது. ஊசி போட வரும் செவிலியர் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று குழந்தையின் கையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதை எல்லோரும் அறிவோம். கையின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றியுள்ள சதை திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டைப் படித்து, ரத்தக் குழாய்களின் வரைபடத்தை அதே கையின் தோல்மேலேயே ஒளியால் வரைந்து காட்டும் கருவிகள் இப்போது மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. கண்ணாடி அணிய வேண்டியதில்லை, தோலே திரையாகிவிடுகிறது.

போயிங்கில் தோன்றிய யோசனையும் வீண்போகவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே நிறுவனம் கூகுள் கிளாஸ் கண்ணாடியை மின்கம்பி கட்டும் பிரிவில் சோதித்தது. கோடு பலகைமேல் ஒட்டித் தெரியும் அளவுக்குப் போகாவிட்டாலும், அடுத்து செய்ய வேண்டியது கண்ணெதிரே வந்தது. கை வேலையை விட்டுத் தாளைப் புரட்டவோ கணினியைப் பார்க்கவோ தேவையில்லாததால், நேரம் 25 சதவீதம் குறைந்ததாகப் போயிங் தெரிவித்தது.

அப்படியானால் எல்லோர் முகத்திலும் ஏன் ஏ.ஆர். கண்ணாடி இல்லை? எடையும் விலையும் ஒரு காரணம். 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ கருவியின் எடை 600 கிராமுக்குக் குறையாது. அறிமுக விலை 3,499 டாலர். ஒளியின் இயல்பு இன்னொரு காரணம். ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடியால் உண்மைக் காட்சியோடு ஒளியைச் சேர்க்கத்தான் முடியும், அதிலிருந்து கழிக்க முடியாது. ஆகவே கறுப்பு நிறத்தை அது காட்டாது. நல்ல வெயிலில் படம் வெளிறிப்போகும். மூன்றாவது, மனிதர்களின் அச்சம். ஏ.ஆர். வேலைசெய்ய கேமரா சுற்றுப்புறத்தைப் பார்த்தே தீர வேண்டும். எதிரே இருப்பவர் தன்னைப் படம்பிடிக்கிறாரோ என்ற கவலை, கூகுள் கிளாஸ் பொதுமக்களிடம் எடுபடாமல் போனதற்கு முக்கியக் காரணம். அந்தக் கவலை நியாயமானது. வீட்டுக்குள் ஓர் ஏ.ஆர். செயலிக்குக் கேமரா அனுமதி தரும் முன், அது எதைச் சேமிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

விலை உயர்ந்த கண்ணாடி இல்லாமலும் பெரிய காரியம் செய்யலாம் என்பதற்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான மணல் தொட்டி நல்ல சான்று. தொட்டி நிறைய மணல். மேலே, தூரம் அளக்கும் கினெக்ட் கேமரா ஒன்றும் புரொஜெக்டர் ஒன்றும். மாணவர்கள் கையால் மணலைக் குவித்தால், அந்த மேட்டைச் சுற்றிச் சம உயரக் கோடுகள் உடனே ஒளியால் விழும். பள்ளம் தோண்டினால் கோடுகள் நகரும். தொட்டிக்கு மேல் கையை விரித்துப் பிடித்தால் கணினி அதை மேகமாக எடுத்துக்கொண்டு மழை பொழிவிக்கும்; நீர் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதைப் பார்க்கலாம். புவியியல் பாடத்தில் சம உயரக் கோடுகளை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகள், அவை ஏன் நெருங்குகின்றன, ஏன் விலகுகின்றன என்பதைத் தங்கள் கையாலேயே கண்டுகொள்வார்கள்.

இதற்கான மென்பொருள் இலவசம். மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், பொருத்தமான கேமரா, ஒரு தொட்டி மணல் இருந்தால் போதும். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாக இதைச் செய்து, பக்கத்திலுள்ள அரசுப் பள்ளிக்குக் கொடுக்க முன்வர வேண்டும்.