ஒண்ணு கூட்டினா மைனஸ்!

2147483647. செல் நம்பர்னு நினைச்சு டயல் பண்ணிடாதீங்க! இது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. லேப்ல சி புரோகிராம் அடிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச முகம்தான். 32 பிட் 'இன்ட்'டுல அடங்குற மிகப்பெரிய எண். இதோட ஒண்ணு கூட்டி பிரின்ட் பண்ணிப் பாருங்க... பெரும்பாலும் மைனஸ் 2147483648 வந்து பல்லிளிக்கும்!

ஏன்? அந்த 32 இடத்துல முதல் இடம் ப்ளஸ்ஸா, மைனஸான்னு சொல்றதுக்கு. மீதி 31 இடத்துலயும் 1 போட்டு நிரப்பினா வர்றவர்தான் நம்ம ஹீரோ. அதாவது, 31 ரெண்டுகளைப் பெருக்கி அதுல ஒண்ணைக் கழிக்கணும். ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல். இன்னும் ஒண்ணு வந்தா, அது ப்ளஸ்-மைனஸ் சீட்டுல போய் உட்கார்ந்துடும். கதை கந்தல்!

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே இவர் பிரபலம். காரணம், இது ஒரு பகா எண். ரெண்டின் அடுக்குல ஒண்ணு குறைச்சா கிடைக்கிற பகா எண்களுக்கு 'மெர்சென் பகா எண்'னு பேரு. அதுல இது எட்டாவது. பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் மெர்சென் 1644-ல வெளியிட்ட பட்டியல்லயே இதுவும் இருந்தது. ஆனா, அந்தப் பட்டியல்ல சில தப்புகளும் இருந்ததால, 'அவரே சொல்லிட்டார்'னு விட முடியாதே!

1772-ல நிரூபிச்சுக் காட்டினார் ஆய்லர். நேர்வழியில போனா, 46,340 வரைக்கும் இருக்கிற ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகுத்துப் பார்க்கணும். அதுவே நாலாயிரத்துக்கு மேல. மனுஷன் ஒரு குறுக்குவழி பிடிச்சார். இதை வகுக்கிற பகா எண்ணுன்னு ஒண்ணு இருந்தா, அதை 248-ஆல வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வந்தாகணும். வேலை 372 வகுத்தலுக்குள்ள சுருங்கிடுச்சு. இத்தனைக்கும் அப்போ அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போயிருந்தது. கால்குலேட்டர் இல்லாம எக்ஸாம் ஹால்ல தவிக்கிற நமக்கெல்லாம் இது எவ்வளவு பெரிய விஷயம்! அதுக்கப்புறம் பல பத்து வருஷம், உலகத்துக்குத் தெரிஞ்ச மிகப்பெரிய பகா எண் இதுதான்.

'சரி, இதனால எனக்கென்ன?'ங்கறீங்களா? 2014 டிசம்பர்ல 'கங்னம் ஸ்டைல்' வீடியோவைப் பார்த்தவங்க கணக்கு இந்த எண்ணைத் தாண்டிடுச்சு. நல்லவேளை, யூடியூப் முன்கூட்டியே உஷாராகி கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாத்தியிருந்தது.

அடுத்த கண்டம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-லருந்து விநாடி விநாடியா எண்ணித்தான் தேதி சொல்லுது. அன்னைக்குக் காலையில நம்ம நேரப்படி 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு, எண்ணிக்கை சரியா 2147483647. அடுத்த விநாடி மைனஸ்! 32 பிட்டுல எண்ணுற கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய் நிக்கும். புது போன், லேப்டாப்பெல்லாம் 64 பிட்டுக்கு மாறிட்டதால கவலை இல்ல. வருஷக்கணக்கா யாரும் தொடாம ஓடிட்டிருக்கிற பழைய மெஷின்களைத்தான் தேடிப் பிடிச்சு மாத்தணும். அந்த வேலை இன்னும் முடியல.