கிணற்றடியில் நேர்மை: பாலாற்றுப் பகுதியில் நற்குணக் கல்வி

சிறுவருக்கு நேர்மையைப் போதிப்பது எளிது. போதனை நேர்மையை விளைவிக்கிறதா என்பதே நம்முன் நிற்கும் வினா. 1928இல் ஹார்ட்ஸ்ஹோர்ன், மே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு, திருச்சபைக்குக் கசப்பான விடையைத் தந்தது. பல்லாயிரம் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த அவர்கள், ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காய்ச் செல்வதற்கும் ஏமாற்றாதிருப்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. ஒரு சூழலில் நேர்மையாய் நடந்த பிள்ளை வேறொரு சூழலில் ஏமாற்றியது. இம்முடிவின் சில கூறுகளைப் பின்வந்தோர் திருத்தினர். எனினும் மனப்பாடம் மட்டும் போதாது என்பது தெளிவு.

அவ்வாறாயின் நேர்மை எங்ஙனம் பயிலப்படும்? செய்கையினாலேயே. இது நம் மிஷன் பள்ளிகளுக்குப் புதிதன்று. கில்பாட்ரிக் 1918இல் விளக்கிய செயல்திட்ட முறையைப் பஞ்சாபின் மோகாவிலிருந்த பிரஸ்பிட்டேரியன் மிஷன் பள்ளி, வில்லியம் மெக்கீயின் தலைமையில் 1920களில் கிராமப் பிள்ளைகளுக்கேற்பக் கையாண்டது. அன்றாடக் கிராம வாழ்வே அங்குப் பாடமாயிற்று.

வேலூர், ஆம்பூர்ப் பகுதியின் அன்றாட வாழ்வு தோலோடும் நீரோடும் பிணைந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைச் சுட்டி, மாசுபடுத்தியோரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. இங்கு நீரைப்பற்றிய பொய்க்கணக்கு அயலானின் வயலை அழிக்கும்.

ஆதலின் நாம் பரிந்துரைப்பது இது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர் உடனிருக்க, சுற்றுச்சுவருள்ள கிணறொன்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் கயிறுகொண்டு அளக்கட்டும். இருவர் தனித்தனியே அளந்து எழுதட்டும். அளவுகள் மாறுபட்டால் ஒன்றைத் திருத்தாமல் மீண்டும் அளக்கட்டும். மழையால் செல்லாத வாரத்தில் "அளக்கவில்லை" என்றே எழுதட்டும். அக்கட்டத்தை ஊகத்தால் நிரப்பும் ஆசை எழும் வேளையே உண்மையான பாடவேளை. ஒப்புக்கொண்ட தவற்றுக்குத் தண்டனை கூடாது. தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை மறைக்கவே கற்கும். ஆசிரியரும் தம் தவற்றை அவ்வேட்டிலேயே குறிக்க வேண்டும்.

ஆண்டிறுதியில் அவ்வேடு சபையில் வாசிக்கப்படட்டும். தோல் தொழிற்சாலையில் உழைப்போரும், அதனால் வாழ்வோரும், நிலமிழந்தோரும் ஒரே ஆலயத்தில் அமர்ந்திருப்பர். பிள்ளைகளின் மெய்க்கணக்கைப் பெரியோர் பொறுமையோடு கேட்பார்களா என்பதே ஆயருக்குரிய சோதனை. பிறனிடத்தில் அன்புகூரக் கட்டளையிடும் லேவியராகமம் 19ஆம் அதிகாரமே சரியான அளவுகோலையும் கேட்கிறது என்பதை நாம் மறவாதிருப்போமாக.