கதவைத் தட்டும் நர்சம்மா: பிள்ளை பெற்றவளை 42 நாள் பார்ப்பது யார்?

எழும்பூர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. துண்டில் சுற்றிய குழந்தையோடு பாட்டி முதலில் ஏறிக் கொள்கிறாள். பிறகு பிளாஸ்க், கூடை, இரண்டு பிளாஸ்டிக் பை. கடைசியாகத்தான் பிள்ளை பெற்றவள், அடிவயிற்றைப் பிடித்துக் கொண்டு, மெல்ல ஏறுகிறாள்.

"நல்லபடியா முடிஞ்சுது. காளியாத்தா காப்பாத்திட்டா!" என்று கூட வந்தவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

முடிந்ததா? பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

எழும்பூர், ராயபுரம், திருவல்லிக்கேணி "கோஷா"... எந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் தினமும் காணக்கூடிய காட்சி இது. கோஷா ஆஸ்பத்திரிக்குக் கஸ்தூரிபா பெயர் வைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஜனங்கள் வாயில் இன்னும் கோஷாதான்!

வீட்டுப் பிரசவம் என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. பெரிய சாதனை. யாரும் மறுக்க முடியாது.

ஆனால் சுகப் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் போல. ஆபரேஷன் என்றால் ஒரு வாரம் போல. அதற்கு மேல் படுக்கை கிடையாது. அடுத்தவள் வலியோடு வந்து காத்துக் கொண்டிருப்பாள்.

தாயின் உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப 6 வாரம், அதாவது 42 நாள் ஆகும் என்பது டாக்டர்கள் கணக்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரி பார்த்துக் கொண்டது. மீதி 39 நாள்?

ஆபத்தான வாரம்

உலகம் முழுவதும் பிறந்த 28 நாளுக்குள் இறந்து போகும் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கு, முதல் வாரத்திலேயே இறந்து விடுகின்றன. தாயின் உயிருக்கு வரும் ஆபத்திலும் பெரும்பகுதி குழந்தை பிறந்த பிறகு வருவதுதான். முதல் 24 மணி நேரத்தில் ரத்தப்போக்கு. அதைத் தாண்டினால் ஜுரம், ரத்தக் கொதிப்பு, வலிப்பு.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு கணக்குச் சொன்னது. பிரசவமான பிறகு குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு, மூன்று நாளுக்குள் ஒரு தடவை, ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை, ஆறாவது வாரத்தில் ஒரு தடவை தாயையும் பிள்ளையையும் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தாக வேண்டும்.

முடிந்தால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது நல்லது.

அப்படி வருகிறவர்தான் நர்சம்மா. கிராமத்தில் இவர் கிராம சுகாதார செவிலியர். பட்டணத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியர். பெயர் எதுவானாலும் படித்த படிப்பில் பிரசவம் பார்க்கும் பாடம் உண்டு. அந்தக் காலத்து மருத்துவச்சியின் வேலையில் ஒரு பாதி இவர் கையில் இருக்கிறது. பிள்ளை எடுக்கும் வேலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பிள்ளை பெற்றவளைப் பார்க்கும் வேலை இவரிடம் தங்கிவிட்டது.

தோளில் ஒரு பை. பைக்குள் எடை பார்க்கும் தராசு, ஜுரம் பார்க்கும் கருவி, ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி, மாத்திரை, ஒரு தடித்த நோட்டு. இவ்வளவுதான் சொத்து.

பூட்டிய வீடு

நர்சம்மாவின் முதல் எதிரி வியாதி இல்லை. பூட்டு!

கர்ப்பம் பதிவு செய்தபோது கொடுத்தது புருஷன் வீட்டு விலாசம். பிரசவமானதும் பெண் போனது தாய் வீட்டுக்கு. தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். வியாசர்பாடியில் பதிவு, குழந்தை இருப்பதோ செங்கல்பட்டில். நர்சம்மா மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினால், "அவங்க ஊருக்குப் போயிட்டாங்களே" என்று பக்கத்து வீட்டில் பதில் வரும்.

வாடகை வீடு மாறியவர்கள் ஒரு பக்கம். அடுக்குமாடிக் கட்டிடத்தில் காவலாளி தடுப்பது இன்னொரு பக்கம். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவமானவர்களோ, "நாங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டுறோம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பி விடுவதும் உண்டு. அந்தப் பெரிய டாக்டர் வீட்டுக்கு வந்து தொப்புளைப் பார்க்கப் போகிறாரா என்ன!

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். கையில் பிக்மி எண் இருக்கிறது. அதைக் கொண்டு போய்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் அந்தப் பகுதி நர்சம்மா வருவார்.

கதவு திறந்தால் மட்டும் என்ன? சில வீடுகளில் முதல் கேள்வி, "பணம் எப்பம்மா வரும்?" என்பதுதான். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவிப் பணத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஏழை வீட்டுக்கு அது பெரிய தொகை. ஆனால் நர்சம்மா பணத்துக்காகத்தான் வருகிறார் என்று நினைத்து விட்டால், சொல்ல வந்த மற்ற விஷயம் காதில் ஏறாது.

தாயை யாரும் கேட்பதில்லை

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். "அப்பன் மூக்கு", "பாட்டி நிறம்" என்று பேச்சு. மூலையில் பாயில் படுத்திருப்பவளை, "பால் வருதா?" என்று கேட்பதோடு சரி.

விவரமான நர்சம்மா அங்கேதான் முதலில் உட்காருவார். "ஏம்மா, ரத்தம் எப்படிப் போவுது?" என்பதுதான் முதல் கேள்வி.

முதல் மூன்று, நான்கு நாள் சிவப்பாகப் போகும். பிறகு நிறம் மங்கும். கடைசியில் வெள்ளையாகி நாலு முதல் ஆறு வாரத்தில் நின்று விடும். இது இயற்கை. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாக விழுந்தால், துர்நாற்றம் அடித்தால், அது இயற்கை இல்லை. பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்கு போன் போட வேண்டும்.

அடுத்தது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை தொப்புள் அளவில் கல் போலச் சுருங்கி நிற்க வேண்டும். நாளுக்கு நாள் கீழே இறங்கி, இரண்டு வாரத்தில் கைக்குத் தட்டுப்படாமல் போய்விடும். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கும் ஒரு திரவமே கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் சுரீரென்று வலிப்பது இதனால்தான். பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது தலைவலிக்கு. மண்டை பிளக்கும் தலைவலி, கண் மங்குவது, கை கால் முகம் வீங்குவது... பிரசவத்தோடு ரத்தக் கொதிப்பு போய்விட்டது என்று நினைப்பது தவறு. வீட்டுக்கு வந்த பிறகும் ஏறும். வலிப்பும் வரும். வலிப்பு வந்தவளை, "காத்து கறுப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரிக்கத் தூக்கிக் கொண்டு ஓடினால் உயிர் மிஞ்சாது.

ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தையலும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன் என்கிறது அதே 2019-21 கணக்கெடுப்பு. அத்தனை வீட்டிலும் ஒரு தையல் இருக்கிறது என்று அர்த்தம். சிவந்தாலோ, சீழ் கசிந்தாலோ பாட்டி வைத்தியம் கூடாது.

பிரசவ ஜன்னி

100.4 டிகிரிக்கு மேல் ஜுரம் இருந்தால் நர்சம்மா முகம் மாறும். அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் பிரசவ ஜன்னி. எத்தனை வீட்டு விளக்கை அணைத்தது என்பதற்குக் கணக்கே இல்லை.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1840-களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர் மாணவர்கள். மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர் வார்டில்தான் ஜன்னிச் சாவு அதிகம்! அந்த வார்டு வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணம் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவ வார்டுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் 100-க்கு 18 பேர் செத்த வார்டில், ஜூனில் 100-க்கு 2 பேர்தான் செத்தார்கள்.

மருந்து என்ன? கை கழுவியது!

இன்றும் நர்சம்மா வீட்டுக்குள் வந்ததும் சோப்பும் தண்ணீரும் கேட்டால் அதற்கு இதுதான் காரணம். குழந்தையைத் தூக்க வரும் சித்தப்பா, பெரியம்மா, எதிர் வீட்டுக்காரர் அனைவருக்கும் அதே சோப்புதான்.

ஆயாவும் நர்சம்மாவும்

உண்மையான சண்டை இனிமேல்தான் ஆரம்பம். பட்டணத்து வீட்டில் ஆயா சொல்தான் சட்டம்.

பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கருவாடு. நர்சம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால், "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று ஒரு டம்ளர் தண்ணீருக்குத் தவிக்க விடுவதை ஏற்க முடியாது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், தலைசுற்றல். தையல் போட்டவளுக்கு அந்த வேதனை சொல்லி முடியாது. நாள் முழுக்கப் படுக்க வைப்பதும் தப்பு. மெல்ல எழுந்து நடக்காவிட்டால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம்.

குழந்தை விஷயத்தில் ஆயாவின் கை இன்னும் நீளம். மூக்கில், காதில் எண்ணெய் விடுவது. வாயால் ஊதிச் சளி எடுப்பது. நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு. தெருவில் கழுதை ஓட்டி வருகிறவனிடம் ஒரு சங்கு பால்.

"என் அஞ்சு புள்ளைங்களுக்கும் ஊத்தினேன். எல்லாம் நல்லாத்தானே இருக்குது?" என்று ஆயா கேட்பாள்.

இந்தக் கேள்விக்கு எதிர்த்துப் பேசி ஜெயித்த நர்சம்மா கிடையாது. சாமர்த்தியசாலிகள் வேறு வழியில் போகிறார்கள். "ஆயா, நீ வளர்த்த கைதானே, நீயே சொல்லு. எண்ணெய் புரையேறினா குழந்தைக்கு மூச்சு எங்க போவும்?" என்று ஆயாவையே நீதிபதி ஆக்கி விடுவார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட ஆகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீரும் வேண்டாம்.

மஞ்சளாக வரும் முதல் சீம்பாலைப் "பழைய பால்" என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் குறைந்து விட்டது. ஆனாலும் முழுக்கப் போய்விடவில்லை. குழந்தைக்கு நோய் வராமல் தடுக்கும் சத்து அதில்தான் இருக்கிறது.

தொப்புள் கொடியில் மஞ்சளும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். காய்ந்து தானே விழட்டும்.

எடை குறையும்

மூன்றாம் நாள் தராசில் போட்டால் குழந்தை எடை குறைந்திருக்கும். வீடே கலங்கும். புட்டிப்பால் வாங்க ஆள் ஓடும்! பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை குறைவது வழக்கம். பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும். ஒரு நாளைக்கு 8-லிருந்து 12 தடவை பால் குடித்து, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

மஞ்சள் காமாலை வேறு விஷயம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ ஆஸ்பத்திரிதான். வெயிலில் காட்டிச் சரி பண்ணலாம் என்று உட்காரக் கூடாது. பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, இவை எல்லாம் அதே ரகம்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாயின் வெறும் நெஞ்சுதான் சிறந்த இடம். சட்டையில்லாமல் தோலோடு தோல் சேர்த்து அணைத்து வைப்பதுதான் கங்காரு முறை. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு டாக்டர்கள் 1970-களின் கடைசியில் தொடங்கியது. காசு செலவு இல்லாத வைத்தியம். அப்பாவும் செய்யலாம். செய்ய வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான்!

காரணமில்லாத அழுகை

பிரசவமான மூன்றாம், நாலாம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வரும். "புள்ள பொறந்த வீட்ல ஏண்டி அழுவுற?" என்று அதட்டுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகும் அழுகை இது. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது வியாதி. பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று மாமியார் முகம் திருப்பிக் கொண்ட வீட்டில் இன்னும் கவனம் தேவை. இதற்கு மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். சாவைப் பற்றிப் பேசினால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும்.

இப்படி வீடு வீடாகப் போவதால் பலன் உண்டா? மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தை பிறந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வருஷத்தில் பச்சிளம் குழந்தைச் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளிவந்தது. 2011-ல் மத்திய அரசே இதைத் திட்டமாக்கியது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அட்டவணை போட்டது.

அட்டவணை சுலபம். ஒரு நர்சம்மாவுக்கு எத்தனை தெரு, எத்தனை மாடி, எத்தனை நோட்டு! தடுப்பூசி முகாம், கணக்கெடுப்பு, செல்போனில் பதிவு எல்லாவற்றுக்கும் நடுவே இதுவும் ஒன்று. ஆறு தடவை வர வேண்டியவர் மூன்று தடவை வந்தாலும், அந்த மூன்று தடவை கதவு திறந்திருந்ததா என்பது வீட்டுக்காரர் கையில்.

42-வது நாள்

கடைசி வருகை. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு நேரம் வந்துவிட்டது. தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை எத்தனை மீதி என்று நர்சம்மா எண்ணிப் பார்ப்பார். டப்பா அப்படியே இருந்தால் திட்டு விழும்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி. "அடுத்த புள்ள பத்தி என்ன யோசனை?"

ஆயா சிரிப்பாள். "இப்பத்தானே ஒண்ணு பொறந்திருக்குது. தூரமே வரலியே!"

தூரம் வருவதற்கு முன்பே கரு உண்டாகலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தப் பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு வருஷம் இருக்க வேண்டும். நர்சம்மா காப்பர்-டி பற்றிச் சொல்வார். மாத்திரை பற்றிச் சொல்வார். புருஷன் அறைக்கு வெளியே நின்று கேட்டுக் கொண்டிருப்பார். அவரையும் உள்ளே கூப்பிடுவார்.

நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டுப் பையை மாட்டிக் கொள்வார். அடுத்த சந்தில், நேற்று ராத்திரி ராயபுரத்திலிருந்து வந்திறங்கிய ஒரு மூன்றாம் நாள் குழந்தை காத்திருக்கிறது.