மனத்துக்குள்ளும் ஒரு கை இருக்கிறது!

நம் தொலைக்காட்சி அரங்கத்தில் ஒரு தாயார் இப்படிக் கேட்டார்: "என் மகன் இடது கையால் எழுதுகிறான். இப்போதே கண்டித்தால் மாறிவிடுவான்தானே?" நேரமின்மையால் அங்கே சுருக்கமாகச் சொன்னதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனை. கண்களை மூடி, மாங்காய் மீது கல் எறிவதாக நினைத்துப் பாருங்கள். எந்தக் கை எறிந்தது? வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வலது கை. இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடது கை.

சிம்பாங் பூலாயில் என் பாட்டி பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று தாமானாகிவிட்டது. ஆனாலும், "எப்படிப் பாட்டி வெட்டுவீங்க?" என்று கேட்டால் போதும், அவரின் வலது கை வெறும் காற்றில் உளி பிடிக்கும். மரப்பட்டையில் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகை சரிவில் இறங்க வேண்டும். அதையே நான் செய்து காட்டினால் என் இடது கைதான் எழும். கோடு ஒன்றுதான், கை மட்டும் வேறு!

என்ன காரணம்? வலது கையை மூளையின் இடப்பாதியும், இடது கையை வலப்பாதியும் முக்கியமாக இயக்குகின்றன. கை அசைவதாக நினைக்கும்போதும், அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்கின்றன. 2009இல் நெதர்லாந்தில் ரூல் வில்லெம்ஸ் குழுவினர், கைவேலைகளை மனத்தில் செய்து பார்க்கச் சொல்லி மூளையைப் படம்பிடித்தனர். வலக்கையரிடம் அப்பகுதிகள் இடப்பாதியிலும், இடக்கையரிடம் வலப்பாதியிலும் கூடுதலாக இயங்கின.

சரி, கண்டித்துக் கையை மாற்றினால்? சிறுவயதில் வலது கைக்கு மாற்றப்பட்ட இடக்கையரை ஜெர்மனியில் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். பல்லாண்டுகள் வலது கையால் எழுதிய பிறகும், திட்டமிடும் பகுதிகள் வலப்பாதியில் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தன. எழுதும் கை மாறியது. மூளை முழுதாக மாறவில்லை!

எனக்கும் அதே கதைதான். பிரம்படி பட்டு வலது கையால் எழுதப் பழகினேன். ஆனால் கேமராவின் முன் நிற்குமுன் மனத்தில் ஒத்திகை பார்க்கும்போது, இன்றும் இடது கைதான் பேசுகிறது.

அம்மா, பத்தில் ஒருவர் இடக்கையர். உங்கள் மகனைத் திருத்த வேண்டியதில்லை. மேசையின் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள். பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை மோதாது. தாளைச் சற்று வலப்பக்கம் சாய்த்துவையுங்கள். எழுதியது கைபட்டுக் கலையாது. உண்பதற்கும் கொடுப்பதற்கும் வலது கை என்பது நம் வழக்கம். அதை அன்பாகவே சொல்லித் தரலாம். பென்சிலை மட்டும் அவன் விரும்பும் கையிலேயே விட்டுவிடுங்கள்!